பழ மரங்களுக்கு ஒட்டுண்ணிக் குளவி: சென்னைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டைச் சுற்றி ஒரு மா, ஒரு கொய்யா, ரெண்டு பப்பாளி என்று வைத்திருக்கும் சென்னைவாசிகளும், திருவள்ளூர், செங்கல்பட்டு பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளவியை எங்கே வாங்கலாம் என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். உங்கள் மரத்தில் ஏற்கெனவே குளவி இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, அதைக் கொல்லாமல் விட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். வாங்குவது அப்புறம்.

ஒட்டுண்ணிக் குளவி என்றால் என்ன? வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், கொட்டுமா?

கொட்டாது. குளவி என்றதும் ஜன்னல் மூலையில் மண்கூடு கட்டுவதும், பனை மரத்தில் கூடு வைத்து ஆளைத் துரத்தும் கதண்டும்தான் நினைவுக்கு வரும். பழ மரங்களில் நமக்கு உதவும் குளவிகளில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். ட்ரைக்கோகிராமா என்ற முட்டை ஒட்டுண்ணி அரை மில்லிமீட்டர்தான், ஒரு கடுகின் மேல் இரண்டு மூன்றை வரிசையாக நிற்க வைக்கலாம். அது கையில் உட்கார்ந்தாலும் உங்களுக்குத் தெரியப் போவதில்லை. இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் ஆரஞ்சு நிறப் பெரிய ஒட்டுண்ணிக் குளவி ஒன்று உண்டு, அதைக் கையால் பிடித்து அழுத்தினால் சுருக்கென்று குத்தும். நாம் பேசுவது அதைப் பற்றி இல்லை.

வேலை செய்யும் விதம் இதுதான். பெண் குளவி தனக்குத் தோதான பூச்சியைத் தேடிப் பிடித்து, அதன் உடலுக்குள்ளோ மேலேயோ, சில இனங்கள் அதன் முட்டைக்குள்ளேயோ, தன் முட்டையை வைத்துவிடும். பொரித்து வரும் குளவிப்புழு அந்தப் பூச்சியைத் தின்று வளர்ந்து, பெரும்பாலும் அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, முழுக் குளவியாக ஓட்டை போட்டு வெளியே வரும். பேன், உண்ணி எல்லாம் ஆளைக் கொல்லாமல் ஒட்டிக்கொண்டு பிழைக்கும். ஒட்டுண்ணிக் குளவியோ, தான் எந்தப் பூச்சியில் வளர்ந்ததோ அதை உயிரோடு விடாது, அதனால்தான் விவசாயத்துக்கு உதவுகிறது.

"கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்கிறார்களே, அது இதுதானா?

அந்தப் பழமொழி மண்கூடு கட்டும் குளவியைப் பார்த்து வந்தது. அது பச்சைப் புழுவைத் தூக்கி வந்து கூட்டுக்குள் அடைப்பதைப் பார்த்திருப்பார்கள், கொஞ்ச நாள் கழித்து அதே கூட்டிலிருந்து குளவி வருவதையும் பார்த்திருப்பார்கள். நடுவில் நடந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. உள்ளே புழு குளவியாக மாறுவதில்லை, கொட்டி மயக்கிப் போட்ட புழுவைத் தின்று குளவியின் குட்டி வளர்கிறது. ஒட்டுண்ணிக் குளவியும் இதே குடும்பத்துத் தொழில்தான் செய்கிறது. என்ன, கூடு கட்டும் வேலை அதற்குக் கிடையாது. பூச்சியின் உடம்பே அதற்குக் கூடு. பழமொழி சொன்னவர்கள் எவ்வளவு உன்னிப்பாகக் கவனித்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியமாக இருக்கும்.

நம் ஊரில் இது உண்மையிலேயே பலன் தந்திருக்கிறதா? வெளிநாட்டுக் கதையாகவே கேள்விப்படுகிறோமே?

தந்திருக்கிறது, அதுவும் தமிழ்நாட்டில்தான் அருமையாகத் தந்தது. பப்பாளி மாவுப்பூச்சி மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. 2008-இல் கோயம்புத்தூரில் கண்ணில் பட்டது. அடுத்த இரண்டு வருடங்களில் கொங்கு மண்டலம் முழுக்கப் பரவி, பப்பாளி மட்டுமில்லாமல் மல்பெரி, மரவள்ளி, கொய்யா, செம்பருத்தி என்று கிடைத்ததிலெல்லாம் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டது. விவசாயிகள் விடாமல் மருந்து அடித்தார்கள். அடித்த சில நாளில் மறுபடியும் வெள்ளை பூத்தது. ஏனென்றால் அந்தப் பூச்சியின் உடம்பைச் சுற்றி மெழுகுப் பூச்சு, முட்டைகள் பஞ்சுப் பைக்குள் பத்திரம், மருந்து உள்ளே போவதே இல்லை. பட்டுப்புழு வளர்ப்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். மல்பெரி இலையில் மருந்து அடித்தால் அதைத் தின்னும் பட்டுப்புழுவே செத்துவிடும்.

பெங்களூரில் இருக்கும் மத்திய அரசின் வேளாண் பூச்சிகள் ஆய்வு நிறுவனம், அமெரிக்க வேளாண் துறை மூலமாக 2010-இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தது. அசெரோஃபேகஸ் பப்பாயே, அனகைரஸ் லோக்கி, சூடெலெப்டோமாஸ்டிக்ஸ் மெக்சிகானா. தனிமைப்படுத்திச் சோதித்துப் பார்த்த பிறகு அதே வருடக் கடைசியில் தோட்டங்களில் விட்டார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. மூன்றில் முதல் குளவிதான் நம் மண்ணில் அசத்தியது. சில மாதங்களிலேயே பூச்சி மளமளவென்று குறைந்தது. இன்றைக்கும் பப்பாளி மாவுப்பூச்சி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் தோட்டத்தையே வெட்டி எரிக்க வேண்டிய நிலை இல்லை. இவ்வளவுக்கும் வருடா வருடம் குளவியை வாங்கி விடவில்லை, ஒரு தடவை விட்டது தானே பரவிப் பெருகி நிலைத்துவிட்டது.

என் மரத்தில் குளவி இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

குளவியைத் தேடாதீர்கள், அது விட்டுப்போன தடயத்தைத் தேடுங்கள். ஒரு பத்து மடங்கு லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பப்பாளி இலையின் அடிப்பக்கம் நரம்போரமாக மாவுப்பூச்சிக் கூட்டம் இருக்கும். உயிருள்ள பூச்சியை ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டால் மெதுவாக நகரும், நசுக்கினால் மஞ்சளாகச் சாறு வரும். அதே கூட்டத்தில் சில பூச்சிகள் உப்பி, மாவெல்லாம் உதிர்ந்து, பழுப்பு நிறத்தில் சின்னப் பீப்பாய் வடிவில் கெட்டியாகி ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு முனையில் வட்டமாக ஒரு துளை இருந்தால், குளவி பிறந்து வெளியேறிவிட்டது என்று அர்த்தம். துளை இல்லாமல் கெட்டியாக இருந்தால் குளவி இன்னும் உள்ளே இருக்கிறது. அந்த இலையைக் கிள்ளி எரித்தால் உங்களுக்கு வேலை செய்ய வந்ததையும் சேர்த்து எரிக்கிறீர்கள்.

தென்னையில் வரும் சுருள் வெள்ளை ஈயில் அடையாளம் இன்னும் தெளிவு. ஈ தானாகப் பிறந்து வெளியே வந்த கூட்டில் ஆங்கில T எழுத்து மாதிரி ஒரு கிழிசல் இருக்கும். குளவி வந்த கூட்டில் ஊசியால் போட்டது போல் சுத்தமான வட்டத் துளை இருக்கும். ஒரு இலையில் இரண்டையும் எண்ணிப் பார்த்தாலே யார் ஜெயிக்கிறார்கள் என்று புரிந்துவிடும்.

இன்னொரு வழி, பூச்சியோடு ஒரு இலைத் துண்டைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வைத்துவிடுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் பாட்டில் சுவரில் பொடிப் பொடியாக ஏதாவது பறந்தால் அதுதான். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், அவர்களுக்கு இதைவிட நல்ல அறிவியல் பாடம் கிடைக்காது.

சென்னையில் தென்னை ஓலையெல்லாம் கறுத்துப் போகிறது, கீழே நிற்கும் கொய்யா, சப்போட்டா இலையும் கறுப்பு. இதற்கும் குளவி உண்டா?

உண்டு. அது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈயின் வேலை. 2016-இல் பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம் தெரிய ஆரம்பித்தது, இப்போது கடற்கரை ஊர்கள் முழுக்க இருக்கிறது. ஓலையின் அடியில் சுருள் சுருளாக முட்டையிட்டு, சாற்றை உறிஞ்சி, தேன் போன்ற கழிவைச் சொட்டும். அந்தக் கழிவு விழுந்த இடத்தில் கரும்பூசணம் பிடிக்கும். தென்னைக்குக் கீழே இருக்கும் வாழை, கொய்யா, மா எல்லாவற்றின் இலையும், ஏன், நிறுத்தி வைத்த கார் கூரையும் பிசுபிசுவென்று ஆவது அதனால்தான்.

இதற்கான குளவி என்கார்சியா குவாடலூப்பே. யாரும் பெட்டியில் கொண்டுவந்து விடுவதற்கு முன்னாலேயே அது தோப்புகளில் தென்பட்டது. அதனால் பல்கலைக்கழகப் பரிந்துரையே "ரசாயன மருந்து அடிக்காதீர்கள்" என்பதுதான். கரும்பூசணத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா கரைத்துத் தெளித்தால், பசை காய்ந்து செதில் செதிலாக உரியும்போது கறுப்பும் கூடவே உரிந்து விழும். ஈயைப் பிடிக்க மஞ்சள் நிற ஒட்டுப்பொறி கட்டலாம். குளவி நன்றாக வேலை செய்த மரத்திலிருந்து, வட்டத் துளை விழாத கறுத்த கூடுகள் உள்ள ஓலைத் துண்டை வெட்டி, பூச்சி அதிகமாக இருக்கும் மரத்தில் கட்டிவிட்டால் குளவி இடம் மாறும். பக்கத்து வீட்டுக்காரரிடம் ரெண்டு ஓலைக் கீற்று கேட்டு வாங்குவதற்கு எந்தச் செலவும் இல்லை.

எறும்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. குளவி வேலை செய்யாத மரங்களில் பாதிக்கு மேல் எறும்புதான் காரணம் என்பது என் அபிப்பிராயம். மாவுப்பூச்சியும் அசுவினியும் செதில் பூச்சியும் விடும் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கிறது. குளவி முட்டை வைக்க வந்து உட்கார்ந்தால் விரட்டி அடிக்கும். ஒரு கொய்யாக் கிளையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள், எறும்பு வரிசை போய் முடியும் இடத்தில் கட்டாயம் வெள்ளைக் கொத்து ஒன்று இருக்கும்.

அடிமரத்தில் நான்கு விரல் அகலத்துக்கு பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையில் நேரடியாகத் தடவாதீர்கள், மரம் பாழாகும். அப்புறம் மதில் சுவர், மாடிக் கைப்பிடி, கேபிள் ஒயர் எதையும் தொடாதபடி கிளைகளைக் கழித்துவிடுங்கள். சென்னையில் மனைகள் நெருக்கமாக இருப்பதால் இந்த ஒயர் விஷயத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அடிமரத்தில் கிரீஸ் பளபளக்கும், எறும்பு பாட்டுக்கு ஒயர் வழியாக வந்து போய்க்கொண்டிருக்கும். தாளுக்கடியில் ஈரம் தேங்குகிறதா என்றும் அவ்வப்போது அவிழ்த்துப் பாருங்கள்.

மருந்து அடித்துக்கொண்டே குளவியும் விடலாமா? வேப்பெண்ணெய், 3ஜி கரைசல் எல்லாம் பரவாயில்லையா?

வீரியமான பூச்சிமருந்து அடித்துவிட்டுக் குளவி விடுவது காசைத் தண்ணீரில் போடுவது. உடம்பு அவ்வளவு சின்னது, இலையில் படிந்திருக்கும் மருந்தின் மேல் நடந்தாலே போய்விடும். இதில் இன்னொரு கொடுமை, பூச்சி மெழுகுக்குள்ளும் பட்டை இடுக்கிலும் தப்பிப் பிழைக்கும், குளவி தப்பாது. காவல் இல்லாத இடத்தில் பூச்சி முன்னைவிட வேகமாகப் பெருகும். "மருந்து அடித்த பிறகுதான் பூச்சி அதிகமாச்சு" என்று புலம்புகிறவர்கள் பொய் சொல்லவில்லை, நடப்பதைத்தான் சொல்கிறார்கள்.

வேப்பெண்ணெய், வேப்பங்கொட்டைக் கரைசல், சோப்புக் கரைசல் ஆகியவை ரசாயன மருந்துகளைவிட எவ்வளவோ மென்மை. இருந்தாலும் சோப்புத் தண்ணீர் நேராகப் பட்டால் பறக்கும் குளவியும் சாகும், பூச்சியின் கூட்டுக்குள் இருக்கும் குளவிக்குத்தான் ஓரளவு பாதுகாப்பு. இஞ்சி, பூண்டு, மிளகாய் அரைத்த 3ஜி கரைசலுக்கும் நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆகவே மரம் முழுக்கக் குளிப்பாட்டாமல், கொத்தாக இருக்கும் இடத்தில் மட்டும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தோ சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தோ எடுங்கள். மாடித் தோட்டத்துக்கு இதுவே போதும். குளவி விடுவதாக இருந்தால் முன்னும் பின்னும் இரண்டு வாரமாவது எந்த மருந்தும் வேண்டாம்.

தெருவில் கொசுப்புகை போடும் நாளில் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். புகையை நாம் தடுக்க முடியாது, டெங்கு காலத்தில் தடுக்கவும் கூடாது. கீழே சொல்லும் குளவி அட்டையைக் கட்டுவதாக இருந்தால் அந்த வாரம் வேண்டாம், தள்ளிப் போடுங்கள்.

குளவி அட்டை என்று கடையில் சொல்கிறார்களே, அது என்ன? எப்படிக் கட்டுவது?

அது ட்ரைக்கோகிராமா அட்டை. அரிசி, கம்பு இவற்றில் வரும் அந்துப்பூச்சியை ஆய்வகத்தில் வளர்த்து, அதன் முட்டைகளை அட்டையில் பசை தடவி ஒட்டி, குளவியை அவற்றில் முட்டையிட வைப்பார்கள். குளவி முட்டையிட்ட அந்து முட்டை சில நாளில் கறுத்துவிடும். அட்டை முழுக்கக் கருமணல் தூவினாற்போல இருந்தால் நல்ல அட்டை. வெளுப்பாகவோ மஞ்சளாகவோ திட்டுத் திட்டாக இருந்தால் அந்த இடங்களில் குளவி இல்லை, வாங்காதீர்கள். ஒரு கன சென்டிமீட்டர் முட்டை ஒட்டிய அட்டையில் ஏறக்குறைய பதினாறாயிரத்திலிருந்து இருபதாயிரம் முட்டைகள் இருக்கும்.

இது அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி இனங்களின் முட்டைக்கு மட்டும். பழ மரங்களில் முக்கியமாக மாதுளைக்கு உதவும். மாதுளைப் பிஞ்சைத் துளைக்கும் புழு ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு, அது பூவிலும் பிஞ்சிலும் ஒற்றை ஒற்றையாக முட்டை வைக்கும். புழு ஒருமுறை காய்க்குள் போய்விட்டால் எந்தக் குளவி அட்டையும் பயன் தராது, ஆகவே பூக்க ஆரம்பிக்கும்போதே கட்ட வேண்டும், வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒரு தடவை திரும்பக் கட்ட வேண்டும். மாவுப்பூச்சிக்கு இந்த அட்டையை வாங்கிக் கட்டுபவர்கள் இருக்கிறார்கள், விற்பவர்களும் தடுப்பதில்லை. அது வீண்.

கட்டும் விதம்: வாங்கிய அன்றோ மறுநாளோ கட்டிவிடுங்கள். அட்டையில் கோடு போட்டிருக்கும், அதன்படி துண்டாக நறுக்கி, இலையின் அடிப்பக்கம் ஸ்டேப்ளர் போட்டு மாட்டுங்கள். முட்டை ஒட்டிய பக்கம் வெயிலும் மழையும் படாமல் இருக்கட்டும். காலை இளவெயிலிலோ சாயங்காலமோ செய்யுங்கள். எறும்பு அட்டையையே காலி செய்துவிடும், மேலே சொன்ன கிரீஸ் பட்டையை முதலில் போட்டுவிடுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் இந்தக் குளவி சோர்ந்துவிடும், ஐப்பசி அடைமழையில் அட்டை ஊறிப்போகும். சென்னைக்கு மார்கழிக் கடைசியிலிருந்து பங்குனி வரை தோதான காலம்.

வீட்டில் ரெண்டே ரெண்டு மாதுளைச் செடிதான் என்றால், பிஞ்சு எலுமிச்சை அளவு வருவதற்கு முன்பே துணிப்பையோ காகிதப்பையோ கட்டிவிடுங்கள். அட்டையைவிட அது சிக்கனம், பலனும் உறுதி.

மாம்பழத்தை அறுத்தால் உள்ளே புழு. பழ ஈக்கு குளவி விட முடியுமா?

பழ ஈயின் முட்டையைத் தாக்கும் ஃபோபியஸ் அரிசானஸ் என்ற குளவி ஆசியாவைச் சேர்ந்தது, நம் நாட்டிலும் மா, கொய்யாத் தோப்புகளில் இருக்கிறது. 1940-களின் கடைசியில் ஹவாய்க்குக் கொண்டுபோய் விட்டு அங்கே பழ ஈயைப் பெருமளவு குறைத்தார்கள். 2002-இல் பிரெஞ்சு பாலினேசியாவிலும் விட்டார்கள். ஆனால் நேர்மையாகச் சொன்னால், மாம்பழத்தில் ஒரு புழுகூட இருக்கக் கூடாது என்று எதிர்பார்ப்பவருக்குக் குளவி மட்டும் போதாது. ஒரு ஈ நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். ஆண் ஈக்களைக் கவர்ந்திழுக்கும் மெத்தில் யூஜினால் பொறியைப் பிஞ்சுக் காலத்திலேயே கட்டி அவற்றைக் குறைக்க வேண்டும், உதிர்ந்த பழத்தைத் தினமும் பொறுக்க வேண்டும்.

பொறுக்கிய பழத்தை என்ன செய்வது என்பதில்தான் ஒரு நல்ல வித்தை இருக்கிறது. ஹவாயில் செய்கிறார்கள், நம்மாலும் முடியும். பழைய டிரம்மில் அழுகல் பழத்தைப் போட்டு, வாயில் மெல்லிய கண்ணி வலையை இறுக்கிக் கட்டுகிறார்கள். உள்ளே பிறக்கும் பழ ஈ வலையைத் தாண்ட முடியாமல் செத்துப்போகும், ஒல்லியான குளவி கண்ணி வழியாக நுழைந்து தோட்டத்துக்குத் திரும்பிவிடும். வலையின் கண்ணி அளவுதான் முக்கியம்: கொசுவலை மிக நெருக்கம், மீன் வலை மிக அகலம். இரண்டு மில்லிமீட்டர் அளவில் தேடுங்கள். பழத்தைக் குப்பைத் தொட்டியில் வீசினால் ஈயும் பெருகும், குளவியும் லாரியில் ஏறிப் போய்விடும்.

எந்தப் பூச்சிக்கு இது சரிவராது?

மா தண்டுத் துளைப்பான், மாங்கொட்டை வண்டு, பூக்கும் காலத்தில் வரும் தத்துப்பூச்சி. இவற்றுக்குக் குளவியை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். தத்துப்பூச்சியின் முட்டையைத் தாக்கும் குளவிகள் தோப்பில் இருக்கின்றன, ஆனால் பூங்கொத்து வெளிவந்த பிறகு நமக்கு இருக்கும் அவகாசம் குறைவு. கிளைகளைக் கழித்து வெயிலும் காற்றும் உள்ளே வர வைப்பதுதான் அங்கே முதல் வேலை.

வெளிநாட்டுக் குளவியை விட்டால் அதுவே நாளைக்குத் தொல்லையாகிவிடாதா?

நியாயமான பயம். 1906-இல் அமெரிக்காவில் ஒரு அந்துப்பூச்சியை ஒடுக்க ஒரு ஒட்டுண்ணி ஈயைக் கொண்டுவந்தார்கள். அது பலவகைப் புழுக்களைத் தாக்கும் இனம், அந்த மண்ணுக்கே உரிய பெரிய பட்டு அந்துகளையும் சேர்த்துத் தாக்கியது. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் ஒன்றிரண்டு பூச்சியை மட்டும் தாக்கும் இனமாகப் பார்த்து, தனிமைப்படுத்திச் சோதித்து விடும் பழக்கம் வலுப்பட்டது. பப்பாளிக் குளவிகள் அப்படி வந்தவைதான். தனி ஆட்கள் அனுமதி இல்லாமல் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது சட்டப்படி தவறு, அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

இதில் நாம் வாங்கியது மட்டுமில்லை, கொடுத்ததும் உண்டு. நம் பக்கத்து மா மாவுப்பூச்சி ஒன்று 1980-களில் மேற்கு ஆப்பிரிக்காவில் நுழைந்து மாந்தோப்புகளை நாசமாக்கியபோது, இந்தியாவிலிருந்து போன கைரனுசோய்டியா டெபைகி என்ற குளவியை 1987-இல் டோகோவில் விட்டுத்தான் கட்டுப்படுத்தினார்கள். கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் சிவப்புச் செதில் பூச்சியைத் தின்னும் அஃபைடிஸ் மெலினஸ் 1950-களில் இந்தியா, பாகிஸ்தானிலிருந்து போனது. அங்கே அதைப் பூசணிக்காய் மேல் செதில் பூச்சி வளர்த்து அதில் பெருக்கி விற்கிறார்கள்.

உள்ளூரில் எனக்கு இருக்கும் ஒரே தயக்கம் ட்ரைக்கோகிராமா பற்றியது. எலுமிச்சை, கறிவேப்பிலையில் முட்டை வைக்கும் அழகான வண்ணத்துப்பூச்சிகளின் முட்டையையும் அது விடாது. வண்ணத்துப்பூச்சிக்காகவே செடி வளர்ப்பவர்கள் அந்த அட்டையை வாங்க வேண்டாம்.

குளவிக்கு என்ன தீனி? ஏதாவது செடி வைக்க வேண்டுமா?

வளர்ந்த குளவி தேன்தான் குடிக்கும், வாய் சின்னது, ஆழமான பூவில் எட்டாது. கொத்தமல்லி, சோம்பு இவற்றைப் பூக்க விடுங்கள். தட்டைப்பயறு இன்னும் நல்லது, பூவுக்கு வெளியேயும் அதில் தேன் சுரக்கும். மரத்தடியில் துளசி, தும்பை முளைத்தால் பிடுங்காதீர்கள்.

அத்திப்பழத்துக்குள் இருக்கும் குளவியும் இதுதானா?

இல்லை. அது அத்திப் பூவில் மகரந்தம் சேர்க்கும் குளவி, அது இல்லாவிட்டால் நாட்டு அத்தி விதையே பிடிக்காது. அத்திக்குள் வேறு ஒட்டுண்ணிக் குளவிகளும் உண்டு, அவை இந்தக் கணக்கில் வராது.

எங்கே கேட்பது, எங்கே வாங்குவது?

கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தகவல், பயிற்சி மையம் இருக்கிறது. திருவள்ளூர்க்காரர்கள் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தையும், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்தவர்கள் காட்டுப்பாக்கம் நிலையத்தையும் அணுகலாம். குளவி தேவைப்பட்டால் கோவையில் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறையிலும் பெங்களூர் நிறுவனத்திலும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், கடைச் சரக்கு மாதிரி எடுத்து வைத்திருக்க மாட்டார்கள், உயிருள்ள பொருள்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். பூச்சியுள்ள இலையை ஜிப் கவரில் போட்டு எடுத்துப் போங்கள். கூடவே நான்கைந்து பூச்சியை ஒரு சின்ன பாட்டிலில் மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு வையுங்கள். பப்பாளி மாவுப்பூச்சியாக இருந்தால் ஒன்றிரண்டு நாளில் கருநீலமாக மாறிவிடும், மற்ற மாவுப்பூச்சிகள் பெரும்பாலும் அப்படி மாறாது. எந்தப் பூச்சி என்று தெரிந்தால்தான் எந்தக் குளவி என்று அவர்களால் சொல்ல முடியும். கடைசியாக என்ன மருந்து அடித்தீர்கள், எப்போது அடித்தீர்கள் என்பதையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள், கட்டாயம் கேட்பார்கள்.